தியோத்திவாக்கான்: முதல்முறை போகிறவர்களுக்கு

மெக்சிகோ நகரிலிருந்து வடகிழக்கே சுமார் 50 கிலோமீட்டர், பஸ்ஸில் ஒரு மணி நேரம். தியோத்திவாக்கான் என்னும் பழங்கால நகரத்தின் இடிபாடுகளுக்குப் போய்வருவது இவ்வளவு சுலபம் என்பதாலேயே அதைச் சரியாகப் பார்க்காமல் திரும்புகிறவர்கள் அதிகம். சூரியப் பிரமிடின் முன்னால் ஒரு படம், சந்திரப் பிரமிடின் முன்னால் இன்னொரு படம், மதியச் சாப்பாட்டுக்குள் விடுதி. இதில் ஒரு லட்சம் பேர் வாழ்ந்த நகரமே விட்டுப்போய்விடுகிறது. அந்த நகரத்தைப் பார்க்க வேண்டுமென்றால் முழு நாள் ஒதுக்குங்கள். கீழே சொல்லியிருக்கும் வரிசை முழு நாளுக்கானது.

போகும் முன் தெரிந்திருக்க வேண்டியவை

ஸ்பானியர்கள் வருமுன் மெக்சிகோவை ஆண்ட அஸ்டெக்குகள் இதைக் கட்டவில்லை. அவர்கள் கட்டியதாகவே சுற்றுலா வண்டிகளில் இன்றும் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். கி.மு. 100 வாக்கில் நகரம் எழத் தொடங்கியது. அடுத்த சில நூற்றாண்டுகளில் சுமார் 20 சதுர கிலோமீட்டருக்குப் பரவி, அன்றைய உலகின் பெருநகரங்களில் ஒன்றாக நின்றது. கி.பி. 550 வாக்கில் அதன் மையப் பகுதி தீக்கிரையானது. அஸ்டெக்குகள் தங்கள் தலைநகரான தெனோச்தித்லானை நிறுவியது 1325-இல். அவர்கள் இங்கே வந்தபோது கண்டது புல் மூடிய மேடுகளைத்தான். தியோத்திவாக்கான், சூரியப் பிரமிடு, சந்திரப் பிரமிடு, இறந்தோர் சாலை என்று நாம் சொல்லும் பெயர்கள் எல்லாம் அவர்கள் வழியே வந்தவை. கட்டியவர்கள் தங்கள் ஊரை என்ன பெயரிட்டு அழைத்தார்கள், வீட்டில் என்ன மொழி பேசினார்கள் என்பது இன்றும் விடை கிடைக்காத கேள்வி.

முடிந்தால் முந்தைய நாள் மெக்சிகோ நகரத்தில் சாபுல்தெபெக் பூங்கா அருகே இருக்கும் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்தைப் பார்த்துவிடுங்கள். திங்கட்கிழமை விடுமுறை. அங்கே தியோத்திவாக்கானுக்கென்றே ஒரு கூடம் உண்டு. இறகுப் பாம்புக் கோயிலின் முகப்பை முழு அளவில், வண்ணத்தோடு நிறுத்தியிருக்கிறார்கள். பழைய நகரம் சாம்பல் நிறக் கல்லாக இருந்ததில்லை. எல்லாச் சுவர்களிலும் சுண்ணாம்புச் சாந்து, அதன்மேல் பெரும்பாலும் சிவப்பு. அந்தச் சிவப்பை ஒருமுறை கண்ணில் ஏற்றிக்கொண்டு போனால் மறுநாள் பார்க்கும் கற்களுக்கு வேறு உயிர் வரும்.

இந்தியக் கடவுச்சீட்டு வைத்திருப்பவர்களுக்கு மெக்சிகோ விசா தேவை. அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான், ஷெங்கன் நாடுகள் ஆகியவற்றில் ஒன்றின் செல்லுபடியாகும் விசா கையில் இருந்தால் சுற்றுலாவுக்குத் தனி விசா கேட்பதில்லை. விதிகள் மாறக்கூடியவை என்பதால் பயணச்சீட்டு எடுக்கும் முன் தூதரகத்தின் இணையதளத்தில் ஒருமுறை சரிபார்த்துவிடுங்கள்.

ஊர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 2,300 மீட்டர் உயரத்தில், ஏறக்குறைய ஊட்டியின் உயரத்தில் இருக்கிறது. ஊட்டியின் குளிரை எதிர்பார்த்துப் போகாதீர்கள். மரநிழல் கிடையாது, வெயில் நேராக இறங்கும். காற்று குளிர்ச்சியாக இருப்பதால் தோல் கருகுவது மாலையில்தான் தெரியும். அகல விளிம்புத் தொப்பி, முழுக்கைச் சட்டை, ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர், அடிப்பாகம் தடித்த காலணி ஆகியவை கட்டாயம். மெக்சிகோவில் இறங்கிய அன்றே போகாமல் ஓரிரு நாள் உடம்பைப் பழக்கிக்கொண்டு போவது நல்லது. மேல்மூச்சு வாங்கினால் உட்கார்ந்துவிடுங்கள்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை வறண்ட காலம். ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை, அதுவும் பெரும்பாலும் பிற்பகலில் இடியோடு. மழைக்காலத்தில் போகிறவர்கள் திறந்த வெளிகளை மதியத்துக்குள் முடித்துக்கொள்ள வேண்டும். மார்ச் 21-ஐ ஒட்டிய நாட்களில் சூரியனின் ஆற்றலைப் பெற வெள்ளை உடை அணிந்து பெருங்கூட்டம் வரும். கூட்டத்தைப் பார்க்க ஆசையிருந்தால் போகலாம், கட்டடத்தைப் பார்க்க அந்த நாள் உதவாது. ஞாயிற்றுக்கிழமை மெக்சிகோக்காரர்களுக்கு அனுமதி இலவசம். அன்றும் நெரிசல்தான். செவ்வாய், புதன் நல்ல நாட்கள்.

பஸ் பிடிப்பது

மெக்சிகோ நகர மெட்ரோவின் 5-ஆம் தடத்தில் அவுதோபுசெஸ் தெல் நோர்த்தே என்று ஒரு நிலையம். இறங்கி வெளியே வந்தால் எதிரிலேயே வடக்குப் பேருந்து முனையம். உள்ளே நுழைந்து இடக்கைப் பக்கமாகக் கடைசி வரை நடந்தால் 8-ஆம் எண் கதவு வரும். அதன் அருகே உள்ள சாளரத்தில் "லாஸ் பிராமிதெஸ்" என்று சொன்னால் டிக்கெட் கொடுப்பார்கள். இந்தச் சொல்தான் முக்கியம். "தியோத்திவாக்கான்" என்று மட்டும் சொன்னால் சில சமயம் பக்கத்துச் சிற்றூரான சான் ஹுவான் தியோத்திவாக்கானுக்குப் போகும் பஸ்ஸில் ஏற்றிவிடுவார்கள். ஏறும்போது ஓட்டுநரிடமும் அதே சொல்லைக் கேட்டு உறுதிப்படுத்துங்கள்.

செயலி வழி டாக்சியிலும் போகலாம். போவதில் சிரமமில்லை. மாலையில் அங்கிருந்து திரும்ப வண்டி கிடைப்பதுதான் பாடு. விடுதிகளில் விற்கும் ஒருநாள் சுற்றுலாவை நான் பரிந்துரைக்க மாட்டேன். வழியில் கைவினைக் கடை ஒன்றில் ஒரு மணி நேரம் நிறுத்துவார்கள். நகரத்துக்கு மிஞ்சுவது இரண்டு மணி நேரம்.

முனையத்திலிருந்து காலை ஏழு, ஏழரைக்குக் கிளம்பும் பஸ்ஸைப் பிடியுங்கள். திறக்கும் நேரத்தில் வாசலில் இருக்க வேண்டும். மாலை 5 மணிக்கு மூடிவிடுவார்கள். நுழைவுக் கட்டணம் அவ்வப்போது உயர்கிறது, வெளிநாட்டவருக்குத் தனி விகிதமும் வந்திருக்கிறது. எதற்கும் பெசோவாகக் கையில் பணம் வைத்திருங்கள். வாங்கிய டிக்கெட்டை நாள் முடியும்வரை பத்திரப்படுத்துங்கள். வெளியே தள்ளியிருக்கும் வீடுகளிலும் அதைக் கேட்பார்கள்.

1-ஆம் வாசலில் இறங்குங்கள்

தளத்தைச் சுற்றி வட்டச் சாலை ஒன்று ஓடுகிறது, அதில்தான் வாசல்கள். 1-ஆம் வாசல் தெற்கே, சியுதாதெலா என்னும் பெரிய முற்றத்தின் எதிரில். 2 சூரியப் பிரமிடுக்கு மேற்கே. 3 சந்திரப் பிரமிடின் பக்கம். 5 சூரியப் பிரமிடுக்குப் பின்னால், கிழக்கே. பஸ்ஸில் இருப்பவர்களில் பாதிப் பேர் 2-இல் இறங்குவார்கள், அவர்களைப் பின்தொடராதீர்கள். 1-இல் இறங்கி வடக்கே நடந்தால் நகரம் தன்னைக் காட்ட நினைத்த வரிசையில் காட்டும்.

படம் எடுப்பதே முதல் நோக்கம் என்பவர்களுக்கு மட்டும் வேறு யோசனை. இறகுப் பாம்புக் கோயிலின் முகப்பு மேற்கு நோக்கியது. காலையில் நிழலில் கிடக்கும், பிற்பகலில்தான் வெளிச்சம் விழும். அவர்கள் 3-இல் தொடங்கித் தெற்கே இறங்கி வரலாம். அந்தத் திசையில் நடை சற்று இறக்கமாகவும் இருக்கும்.

சியுதாதெலா

ஸ்பானியர்கள் கோட்டை என்று நினைத்து வைத்த பெயர் இது. உண்மையில் நான்கு புறமும் மேடை சூழ்ந்த பெரிய முற்றம். நகரத்து மக்கள் அத்தனை பேரும் ஒரே நேரத்தில் கூடி நிற்கக்கூடிய அளவு. முற்றத்தின் கிழக்குக் கோடியில் ஒரு மேடை தெரியும். அதைச் சுற்றிப் பின்னால் போங்கள். அவசரக்காரர்கள் மேடையைப் பார்த்துவிட்டு இதுதான் கோயில் என்று திரும்பிவிடுகிறார்கள்.

இறகுப் பாம்புக் கோயிலும் ஒரு பிரமிடுதான். அதன் முகப்பு அந்த மேடைக்குப் பின்னாலுள்ள இடுக்கில் இருக்கிறது. 4-ஆம் நூற்றாண்டில் யாரோ கோயிலின் முகத்தை மறைத்து இந்த மேடையைக் கட்டினார்கள். மறைத்ததால்தான் அது பிழைத்தது. மற்ற மூன்று பக்கச் சிற்பங்களும் போய்விட்டன. 1917-க்குப் பிறகு தொல்லியலாளர் மனுவேல் காமியோ நடத்திய அகழாய்வில்தான் முகப்பு வெளியே வந்தது.

அங்கே சற்று நின்று பாருங்கள். இதழிதழாக விரிந்த இறகு வளையத்திலிருந்து பாம்பின் தலை நீட்டிக்கொண்டிருக்கிறது. மேலுதடு சுருண்டு, பற்கள் வெளியே. பக்கத்தில் இன்னொரு முகம். கட்டம் கட்டமான பரப்பும் இரண்டு வட்டங்களும் கொண்டது. முன்பு அதை மழைக் கடவுள் என்றார்கள். இப்போது பாம்பின் உடலில் ஏற்றிவைத்த தலையணி என்று படிக்கிறார்கள். தலைகளுக்குக் கீழே பாம்பின் உடல் அலையலையாக ஓடும். அந்த வளைவுகளுக்கு நடுவே சங்குகளையும் சிப்பிகளையும் தேடிப் பாருங்கள். கடலிலிருந்து வெகு தொலைவில் மலைநாட்டு ஊர் ஒன்றின் சுவரில் கடல் இருக்கிறது. மடிப்புகளின் உள்ளே கொஞ்சம் சிவப்பும் பச்சையும் இன்னும் ஒட்டியிருக்கின்றன. கண்குழிகள் சிலவற்றில் கறுப்பு எரிமலைக் கண்ணாடி தெரியும்.

இந்தக் கோயிலைக் கட்டும்போது பலி கொடுக்கப்பட்டவர்கள் 200 பேருக்கு மேல் இருக்கலாம் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். 1980-களில் தோண்டியபோது கிடைத்த எலும்புக்கூடுகளில் பல, கைகள் முதுகுக்குப் பின்னால் கட்டப்பட்ட நிலையில் இருந்தன. கோயிலின் முன்புறம் 2003-இல் கனமழையில் தரையில் ஒரு குழி விழுந்தது. அதன் வழியே தொல்லியலாளர் செர்ஹியோ கோமேஸ் கயிற்றில் இறங்கினார். அடியில் 100 மீட்டர் நீளச் சுரங்கம், ஏறக்குறைய 1,800 ஆண்டுகளாக மூடிக் கிடந்தது. சுவர்களில் மின்னும் தாதுப்பொடி பூசியிருந்தார்கள். உள்ளே ஆயிரக்கணக்கான பொருட்களும் ரப்பர்ப் பந்துகளும் திரவப் பாதரசமும் கிடைத்தன. பார்வையாளர்களுக்கு அனுமதியில்லை. நீங்கள் நிற்கும் தரைக்குக் கீழே அது இருக்கிறது.

இறந்தோர் சாலை

சியுதாதெலாவிலிருந்து சந்திரப் பிரமிடு வரை சுமார் 2 கிலோமீட்டர். சாலையின் அகலம் 40 மீட்டர் அளவு. நேர் வடக்கில் போகாமல் கிழக்கே சுமார் 15.5 பாகை சாய்ந்திருக்கிறது. நகரம் முழுவதும், தெருவும் வீடும் உட்பட, இதே சாய்வில்தான் அளந்து கட்டப்பட்டது. சான் ஹுவான் ஆற்றைக்கூட இந்தக் கட்டத்துக்குள் வளைத்து ஓடவிட்டிருக்கிறார்கள். தொடங்கிய சிறிது தூரத்திலேயே அந்த ஆற்றைக் கடப்பீர்கள். பெரும்பாலும் ஓடையாகத்தான் இருக்கும். நின்று கவனித்தால்தான் கரையின் நேர்கோடு பிடிபடும்.

சாலை ஒரே சமதரையாக இருக்காது. குறுக்கே மேடைகள் வரும், ஏறி ஏறி இறங்க வேண்டும். தெற்கிலிருந்து வடக்கே மொத்தம் 30 மீட்டர் அளவு உயர்கிறது. முழங்கால் வலி உள்ளவர்கள் இங்கேயே களைத்துவிடுகிறார்கள். அவர்கள் 1-ஆம் வாசலை முடித்துக்கொண்டு வட்டச் சாலையில் டாக்சி பிடித்து 3-ஆம் வாசலுக்குப் போவது புத்திசாலித்தனம். ஒவ்வொரு மேடையின் மேலும் நின்று எதிரே பாருங்கள். சந்திரப் பிரமிடும் அதன் பின்னால் இருக்கும் செர்ரோ கோர்தோ மலையும் ஒரே வடிவில் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தி நிற்கும். நெருங்க நெருங்கப் பிரமிடு பெரிதாகி மலையை விழுங்கிவிடும்.

வழியில் சுவர்களைப் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள், இரண்டே பாடங்கள்தான். முதலாவது, சரிவும் பலகையும். கீழே உள்ளே சாய்ந்த சரிவு, அதன்மேல் சட்டம் போட்டதுபோல் செங்குத்தான பலகை, மறுபடி சரிவு, மறுபடி பலகை. இதுதான் இந்த நகரத்தின் கையெழுத்து. வெகு தொலைவில் மாயர்களின் திக்கால் நகரத்திலும் இதே பாணி தெரிகிறது. கி.பி. 378-இல் தியோத்திவாக்கானோடு தொடர்புடையவர்கள் அங்கே நுழைந்து ஆட்சியை மாற்றியதாக மாயர்களின் கல்வெட்டுகளைக் கொண்டு பல அறிஞர்கள் சொல்கிறார்கள். இரண்டாவது பாடம், கற்களுக்கு நடுவிலுள்ள சாந்து. சாந்தில் விரல்நுனி அளவுச் சிறு கற்களை வரிசையாகப் பதித்திருந்தால் அது நவீன காலத்தில் திரும்பக் கட்டிய சுவர். அது இல்லாத பகுதி பழையது. இதைத் தெரிந்துகொண்டபின் எவ்வளவு கற்கள் நம் காலத்தவை என்று பார்த்தால் திகைப்பாக இருக்கும். கட்டுமானத்தில் பெரும்பகுதி தெசோந்த்லே என்னும் எரிமலைக் கல். வெந்த ஆப்பத்தைப்போல உடம்பெல்லாம் துளை, எடை குறைவு, சாந்தை இறுகப் பிடித்துக்கொள்ளும்.

சூரியப் பிரமிடு வலப்பக்கம் வரும். இப்போது நிற்காதீர்கள், கடந்து போங்கள். அதன் முகமும் மேற்கே பார்ப்பதால் மதியத்துக்குப் பின்தான் வெயில் விழும். கொஞ்சம் தள்ளிச் சாலையின் கிழக்கு ஓரத்தில் கூரை போட்ட சிறு சுவர் ஒன்றில் பூமா ஓவியம் இருக்கிறது. அதைத் தவறவிட வேண்டாம்.

வடக்குக் கோடி

சந்திரப் பிரமிடு 45 மீட்டர் அளவு உயரம். சூரியப் பிரமிடைவிடச் சிறியது. ஆனால் தரை உயர்ந்திருப்பதால் இரண்டின் உச்சியும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் தெரியும். பழைய பிரமிடுக்கு மேல் புதியது, அதற்கு மேல் இன்னொன்று என்று ஏழு கட்டங்களில் இதை வளர்த்திருப்பதை தொல்லியலாளர்கள் சபுரோ சுகியாமாவும் ருபென் கப்ரேராவும் சுரங்கம் தோண்டிக் கண்டார்கள். ஒவ்வொரு கட்டத்திலும் மனிதர்களோடு பூமா, ஓநாய், கழுகு எனக் காவு கொடுத்திருக்கிறார்கள்.

ஏறலாமா என்பதுதான் எல்லாரும் கேட்கும் கேள்வி. பெருந்தொற்றுக் காலத்தில் 2020-இல் படிகளை மூடினார்கள். 2025 மே மாதம் சந்திரப் பிரமிடின் முதல் மேடை வரை திறந்தார்கள். சூரியப் பிரமிடைத் திறக்கவில்லை. நீங்கள் போகும் நாளில் வாசலில் கேட்டுக்கொள்ளுங்கள். ஏற முடியாவிட்டால் வருத்தப்பட ஒன்றுமில்லை என்பேன். இந்தக் கட்டடங்கள் கீழே நின்று பார்க்கும் கூட்டத்துக்காகக் கட்டப்பட்டவை. திறந்திருந்தால் அந்த முதல் மேடை போதும், சாலை முழுவதும் காலடியிலிருந்து தெற்கே ஓடுவது அங்கிருந்தே தெரியும். இறங்கும்போது படியில் பக்கவாட்டாகக் கால் வையுங்கள், செங்குத்து அதிகம்.

பிரமிடுக்கு முன்னாலுள்ள சதுக்கத்தின் மேற்குப் பக்கம் கெட்சால்பபாலோத்ல் அரண்மனை. தூண்களில் பறவைகள், அவற்றின் கண்களில் எரிமலைக் கண்ணாடி. 1960-களில் பெருமளவு மீட்டுக் கட்டியது இது. சிறு கல் பாடம் இங்கே நன்றாகப் பயன்படும். அனுமதித்தால் கீழ்த்தளத்துக்கும் இறங்கிப் பாருங்கள். பழைய கட்டடம் ஒன்றைப் புதைத்து அதன்மேல்தான் அரண்மனையை எழுப்பியிருக்கிறார்கள். சுவரில் பச்சைப் பறவைகள் வாயிலிருந்து நீர் சொரிகின்றன.

சூரியப் பிரமிடும் அருங்காட்சியகமும்

திரும்பி நடந்து சூரியப் பிரமிடுக்கு வாருங்கள். உயரம் சுமார் 65 மீட்டர், அடித்தளம் பக்கத்துக்கு 225 மீட்டர் அளவு. முன்னால் பார்த்தது போதும் என்று நிற்காமல் பக்கவாட்டில் நடந்து போங்கள். சுவரிலிருந்து வரிவரியாகக் கல் முட்டுகள் துருத்திக்கொண்டிருப்பது தெரியும். அவை வெளியே தெரிய வேண்டியவை அல்ல. மெக்சிகோ விடுதலைப் போராட்டத்தின் நூற்றாண்டு விழா 1910-இல் வந்தது. அதற்குள் முடிக்க வேண்டும் என்று தொல்லியலாளர் லியோபோல்தோ பாத்ரெஸ் 1905 முதல் அவசரமாகத் தோண்டினார். மூன்று பக்கங்களில் மேல்தோலைப் பல மீட்டர் ஆழத்துக்கு உரித்தெடுத்துவிட்டார். முன்பு இல்லாத ஓர் அடுக்கும் அவர் கையால் வந்து சேர்ந்தது. இன்று அஞ்சல் அட்டையில் பார்க்கும் வடிவத்தில் பாத்ரெஸுக்கும் பங்கு உண்டு. பிரமிடுக்கு அடியில் 1971-இல் ஒரு குகைப் பாதையும் தெரியவந்தது.

வெயில் உச்சிக்கு வரும் இந்த நேரத்தில் பிரமிடுக்குத் தெற்கே இருக்கும் தள அருங்காட்சியகத்துக்குள் போய்விடுங்கள். கழிப்பறை, நிழல் இரண்டும் உண்டு. கண்ணாடித் தரைக்குக் கீழே நகரம் முழுவதையும் மாதிரியாகப் பரப்பியிருக்கிறார்கள். அதன்மேல் நடந்துகொண்டே எதிர்ச் சாளரத்தில் உண்மையான பிரமிடைப் பார்க்கலாம். காலையில் நடந்த வழியை இங்கே தேடிப் பிடியுங்கள். இருமருங்கிலும் நெருக்கமாக நிற்கும் சதுரங்களையும் கவனியுங்கள். அடுத்து அங்கேதான் போகப்போகிறோம்.

சாப்பாடு

5-ஆம் வாசலுக்கு வெளியே உணவகங்கள் வரிசையாக இருக்கின்றன. குகைக்குள் நடக்கும் லா க்ருதா பெயர் பெற்றது, விலையும் அதற்கேற்றது. சைவம் சாப்பிடுகிறவர்கள் "சின் கார்னே" என்று மட்டும் சொன்னால் கோழியைப் போட்டுக் கொண்டுவந்துவிடுவார்கள். "சின் கார்னே, சின் பொய்யோ" என்று கோழியையும் சேர்த்துச் சொல்லுங்கள். பருப்பு வகையான ப்ரிஹோலெஸில் பன்றிக் கொழுப்பு சேர்ப்பது வழக்கம். "கோன் மாந்தேகா?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். நோபால் என்னும் கள்ளித் தண்டை வாட்டிக் கொடுப்பார்கள், பூசணிப் பூ வைத்த கெசடியாவும் கிடைக்கும். இரண்டும் நம் நாக்குக்கு ஒத்துப்போகும்.

வீடுகள்

தயவுசெய்து இதைத் தவிர்க்காதீர்கள். 5-ஆம் வாசலிலிருந்து சிறிது தூரம் நடந்தால் தெபந்தித்லா என்னும் பழைய குடியிருப்பு. இந்த நகரத்தில் மக்கள் தனித்தனிக் குடிசைகளில் வாழவில்லை. சுமார் 2,000 கூட்டுக் குடியிருப்புகள். ஒவ்வொன்றிலும் பல குடும்பங்கள், வெளிச்சுவரில் சன்னல் இல்லை. உள்ளே முற்றங்கள், தரைக்கு அடியில் வடிகால். இவ்வளவு பேரை இவ்வளவு ஒழுங்கான கல் வீடுகளில் குடியமர்த்திய ஊர் பழைய உலகில் அரிது. தெற்கே இருக்கும் ஓவாஹாகா பகுதியிலிருந்து வந்தவர்களுக்குத் தனிக் குடியிருப்பே இருந்தது.

தெபந்தித்லாவின் சுவரில் மலையிலிருந்து நீர் வழிகிறது. கீழே சின்னச் சின்ன மனிதர்கள் நீந்துகிறார்கள், பந்தாடுகிறார்கள், பட்டாம்பூச்சி துரத்துகிறார்கள். வாயிலிருந்து சுருள் சுருளாக ஏதோ கிளம்புகிறது, அதுதான் அவர்கள் பேச்சு. தொல்லியலாளர் அல்போன்சோ காசோ இதை மழைக் கடவுளின் சொர்க்கம் என்று விளக்கினார். அதை ஏற்காதவர்களும் உண்டு. எது எப்படியானாலும் பிரமிடுகளில் காணாத சிரிப்பு இங்கே இருக்கிறது. கூட்டமே இருக்காது. ஃபிளாஷ் போடக்கூடாது. நேரம் மிஞ்சினால் டாக்சியில் மேற்குப் பக்கம் போய் அதேதெல்கோ, தெதித்லா என்னும் குடியிருப்புகளையும் சேர்த்துக்கொள்ளலாம். அதேதெல்கோவின் சிவப்புக் கொயோட் ஓநாய்கள் எனக்குப் பிடித்தவை.

வியாபாரிகள்

நாள் முழுவதும் யாரோ ஒருவர் பின்னால் வந்து சிறுத்தை உறுமும் ஊதுகுழலை ஊதுவார். முதல்முறை தூக்கிவாரிப்போடும். "நோ, கிராசியாஸ்" என்று நடந்துகொண்டே சொன்னால் விட்டுவிடுவார்கள். நின்று விலை கேட்டால் வாங்காமல் நகர முடியாது. எரிமலைக் கண்ணாடிப் பொருட்கள் வாங்க ஏற்றவை. வெயிலில் தூக்கிப் பிடித்தால் தங்கநிறமாகவோ பச்சையாகவோ மினுங்கும். பக்கத்து பச்சூகா பகுதியின் பச்சைக் கண்ணாடிக் கல்லைக் கொண்டுதான் இந்நகரம் வாணிகம் செய்து செழித்தது. "பூமியிலிருந்து எடுத்தது, அசல்" என்று ரகசியமாகச் சிலை காட்டுகிறவர்களிடம் மட்டும் நெருங்காதீர்கள். பெரும்பாலும் போலி. உண்மையாகவே அசலாக இருந்தால் இன்னும் மோசம். 1972-ஆம் ஆண்டுச் சட்டப்படி பழங்காலப் பொருட்கள் நாட்டின் சொத்து, விமான நிலையத்தில் மாட்டிக்கொள்வீர்கள்.

திரும்புதல்

திரும்பும் பஸ்கள் வட்டச் சாலையில் 1, 2, 3 வாசல்களுக்கு வெளியே வரும், கை காட்டினால் நிற்கும். 5-ஆம் வாசல் பக்கம் இருக்கிறவர்கள் உள்ளூர் டாக்சியில் 2-ஆம் வாசலுக்கு வந்து காத்திருப்பது எளிது. இருட்டும்வரை இழுக்காமல், தளம் மூடியதும் கிளம்பிவிடுங்கள். ஏறும் முன் "நோர்த்தே?" என்று கேளுங்கள். சில பஸ்கள் வடக்கு முனையத்துக்குப் போகாமல் இந்தியோஸ் வெர்தெஸில் இறக்கிவிடும். அங்கே இறங்கினாலும் கவலையில்லை. மெட்ரோவின் 3-ஆம் தடம் அங்கிருந்துதான் புறப்படுகிறது, உட்கார இடமும் கிடைக்கும்.